மழை நாள்ல குட்டிப் பசங்கள வெளிய கூட்டிட்டுப் போறது எப்படி: நம்ம வடசென்னை ஆளுங்களுக்கு

கார்த்திகை மாசம் காலைல ஆறு மணிக்கு டிவில ஸ்க்ரோல் ஓடும், சென்னை பள்ளிகளுக்கு விடுமுறைன்னு. ஒன்பது மணிக்குப் பாத்தா மழை விட்டு லேசா வெயில் எட்டிப் பாக்கும். குழந்தை கேட்டைப் புடிச்சிக்கிட்டு தெருவையே பாத்துட்டு நிக்கும். நாம என்ன பண்றோம், உள்ள வா சளி புடிக்கும்னு இழுத்துட்டுப் போயி கையில போனைக் குடுத்துடறோம். எங்க பாப்பாவுக்கு இப்ப நாலு வயசு, ரெண்டு மழைக்காலம் நானும் இதையேதான் பண்ணேன். போன ரெண்டு வருஷமா மாத்திக்கிட்டேன், மழை நாள்லதான் அவள வெளிய கூட்டிட்டுப் போறேன். எப்படிப் போறது, எங்க போறது, எப்ப போகவே கூடாதுன்னு நான் பாத்துப் பாத்து கத்துக்கிட்டத சொல்றேன். நாங்க இருக்கறது தண்டையார்பேட்டை, அதனால எல்லாமே அங்க இருந்து கிளம்புற கணக்குலதான் இருக்கும், ராயபுரம், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் ஆளுங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

எனக்கு இந்த எண்ணமே என் தங்கச்சியாலதான் வந்துச்சு. அவ ஸ்காட்லாந்துல எடின்பரோவாண்ட ஒரு கிராமத்துப் பக்கம் இருக்கா, அவ பையனும் எங்க பாப்பா வயசுதான். வீடியோ கால் போட்டா எப்பப் பாத்தாலும் அவன் சேத்துல குதிச்சிட்டு இருப்பான், பின்னாடி ஆட்டு மந்தை, தூறல். ஏண்டி மழைல விடறன்னு கேட்டா, இங்க மழை எப்ப நிக்கும்னு காத்திருந்தா வருஷம் பூரா வீட்டுக்குள்ளதான் கெடக்கணும்க்கா, ட்ரெஸ்ஸ மாட்டி விட்டுட்டா அது பாட்டுக்கு வெளையாடும்ங்கறா. அப்புறம் பாத்தா எடின்பரோவுல வருஷத்துக்கே சுமார் 700 மில்லிமீட்டர்தான் மழை, நமக்கு கிட்டத்தட்ட 1400. அவங்களுக்குப் பெய்யறதைப் போல ரெண்டு மடங்கு நமக்குப் பெய்யுது, என்ன, அங்க அது வருஷம் முழுக்க சொட்டு சொட்டா வரும், நமக்கு பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டித் தீத்துடும். அதனால அவ பண்றத அப்படியே இங்க பண்ண முடியாது. அங்க பயம் குளிரு, இங்க பயம் தேங்குற தண்ணியும் கரண்டும்.

அதனால மொதல்ல எந்த நாள் போலாம், எந்த நாள் கூடாதுன்றத முடிவு பண்ணிக்கணும். வானிலை மையம் சொல்ற வார்த்தைகளுக்கு அளவு இருக்கு. 24 மணி நேரத்துல ஆறரை சென்டிமீட்டர தாண்டினாதான் கனமழை, பதினொன்றரைய தாண்டினா மிக கனமழை, இருபதுக்கு மேல போனா அதி கனமழை. கனமழைன்னு ஒரு வார்த்தை இருந்தாலே நான் தூரமா எங்கயும் போறதில்ல. ஆரஞ்சு அலர்ட்டு, ரெட் அலர்ட்டுன்னா வாசப்படியே தாண்டறதில்ல, புயல் சின்னம் கடல்ல நின்னுட்டு இருந்தாலும் அப்படித்தான். மிதமான மழை, விட்டு விட்டுப் பெய்யும்னு சொல்றாங்க பாருங்க, அதுதான் நம்ம நாளு. இன்னொரு விஷயம், வடகிழக்குப் பருவமழை கடல்ல இருந்து வர்றதால நம்ம கரையோரத்துல ராத்திரியும் விடியக்காலையும்தான் பெரும்பாலும் வெளுத்து வாங்கும். ஜூன் ஜூலைல வர்ற மழை அப்படியே உல்டா, சாயங்காலம் மேக்கால இருட்டிக்கிட்டு வரும். அதனால ஐப்பசி கார்த்திகைல காலைல பத்து மணிக்கு மேல கிளம்பி மூணு மணிக்குள்ள வீடு திரும்புற மாதிரி வச்சுக்கங்க. ஆடி மாசத்துல காலைலயே போயிட்டு வந்துடுங்க. கிளம்பறதுக்கு முன்னாடி போன்ல ரேடார் படத்த ஒரு தடவ பாத்துடுங்க, கடல் மேல பெருசா மஞ்சளும் செவப்புமா திட்டு நம்ம பக்கமா நகர்ந்துட்டு இருந்தா இன்னும் ஒரு மணி நேரம் வீட்லயே உக்காருங்க.

ரெண்டாவது, எந்த வழியா போறோம். மழைய விட நம்ம ஏரியால இதுதான் முக்கியம். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைல சின்ன மழைக்கே தண்ணி நிக்கும், புளியாந்தோப்பு பட்டாளம் பக்கம் சொல்லவே வேணாம், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். போன வருஷம் நான் ஒரு தப்பு பண்ணேன். பெரம்பூர்ல அத்தை வீட்டுக்குப் போயிட்டு திரும்பி வரும்போது வானம் மூடிட்டு வந்துச்சு, பத்து நிமிஷத்துல போயிடலாம்னு ஷேர் ஆட்டோல ஏறிட்டேன். சுரங்கப்பாதைய மூடிட்டாங்க, ஆட்டோ சுத்திப் போக முடியாம பாதிலயே எறக்கி விட்டுட்டாரு. பாப்பாவ இடுப்புல வச்சுக்கிட்டு ஒரு டீக்கடை தாழ்வாரத்துல ரெண்டு மணி நேரம் நின்னோம், அவளுக்கு ஒன்னுக்கு வந்துடுச்சு, மாத்துறதுக்குத் துணி இல்ல, குளுந்து போயி நடுங்க ஆரம்பிச்சிட்டா. அன்னைல இருந்து ஒரு ரூல் வச்சிருக்கேன், சுரங்கப்பாதைய தாண்டித்தான் வீடு வரணும்னா அந்த எடத்துக்கு மழை நாள்ல போறதில்ல. ரயிலு, மெட்ரோ, இல்லன்னா நடந்து போற தூரம், இந்த மூணுதான்.

நடக்கும்போது தேங்கின தண்ணிக்குள்ள குழந்தைய எறக்கவே எறக்காதீங்க, தரை கண்ணுக்குத் தெரியாத தண்ணின்னா அதுக்கு அடியில மூடி இல்லாத மேன்ஹோல் இருக்கலாம், எலி மூத்திரம் கலந்திருந்தா எலிக்காய்ச்சல் வரும், கால்ல சின்ன சிராய்ப்பு இருந்தாலே போதும் உள்ள பூந்துடும். தெருவோரம் இருக்குற ஈபி பாக்ஸ், லைட் கம்பம், இழுத்துக் கட்டியிருக்குற கம்பி இதுக்கெல்லாம் பக்கத்துல போகாம தள்ளியே நடங்க. கம்பி அறுந்து கெடந்தாலோ பாக்ஸ் தொறந்து கெடந்தாலோ கிட்ட போகாம மின்வாரியத்தோட புகார் நம்பர், மின்னகம் 94987 94987க்கு சொல்லிடுங்க, தண்ணி தேங்கியிருந்தா, மேன்ஹோல் மூடி இல்லன்னா மாநகராட்சி 1913. ரெண்டு நம்பரையும் போன்ல போட்டு வச்சுக்கங்க. குதிக்கணும்னு அது ஆசப்பட்டா அதுக்கு மொட்டை மாடி இருக்கு, அங்க தேங்குறது நேரா வானத்துல இருந்து வந்த தண்ணி. இடி இல்லாத நேரமா பாத்து, அங்க போற ஒயர் எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டு விடுங்க. நாள்காட்டில கிழிச்ச தாள்ல கத்திக்கப்பல் செஞ்சு மாடி ஓரத்து வாய்க்கால்ல விட்டா குழாய் வரைக்கும் போயி சொருகிக்கும், பாப்பா ஓடிப் போயி எடுத்துட்டு வந்து மறுபடி விடுவா, ஒரு மணி நேரம் போறதே தெரியாது.

ட்ரெஸ்ஸு. தங்கச்சி ஸ்காட்லாந்துல இருந்து ஒரு மழைச் சட்டை அனுப்பி வச்சா, கழுத்துல இருந்து கணுக்கால் வரைக்கும் ஒரே பீஸு, உள்ள மெத்து மெத்துன்னு லைனிங். அவங்க ஊருக்கு அது சரி. இங்க அத போட்டு அரை மணி நேரத்துல பாப்பா மழைல நனையல, வேர்வைல நனைஞ்சிட்டா, முதுகெல்லாம் வேர்க்குரு. நமக்கு மழைலயும் புழுக்கம் போகாது, அதனால கை வைக்காத போர்வை மாதிரி இருக்குற மெல்லிசு ரெயின்கோட்டுதான் நல்லது, காத்து உள்ள போயி வரும். வண்ணாரப்பேட்டை எம்சி ரோட்டுக் கடைங்கள்லயே கிடைக்குது. வாங்கும்போது நல்ல பளிச்சுன்னு மஞ்சளோ ஆரஞ்சோ வாங்குங்க, சாம்பல் கலரு நீலக் கலரு மழைல வண்டிக்காரங்க கண்ணுக்குத் தெரியாது. தொப்பி கண்ண மறைக்குதான்னு போட்டுப் பாத்து வாங்குங்க. உள்ள காட்டன் அரை ட்ராயரு, ஜீன்ஸ் வேணாம், நனைஞ்சா காயாது, தொடையும் உரசும். செருப்பு பின்னாடி வார் வச்சதா இருக்கணும், ஹவாய் செருப்பு வழுக்கும், இல்லன்னா தண்ணில அடிச்சிட்டுப் போயிடும். குழந்தைக்குக் குடை குடுக்காதீங்க, அது காத்துல குடையத்தான் பாக்கும், தரையப் பாக்காது. பெரியவங்க ஒருத்தர் பெரிய குடை எடுத்துக்கிட்டா போதும்.

பையில நான் வைக்கறது: ஒரு செட்டு மாத்துத் துணி ஜட்டியோட, அத ஒரு கவர்ல போட்டு முடிச்சு போட்டு, ஈரத்துணி போட காலி கவர் ரெண்டு, காசித்துண்டு ஒன்னு (டர்க்கி டவல் எடை, நனைஞ்சா இன்னும் எடை, காசித்துண்டு புழிஞ்சா மறுபடி தொடைக்கலாம்), ஃப்ளாஸ்க்குல சூடா பாலு, கொஞ்சம் பொரி, இட்லி மொளகாப்பொடி தடவினது ரெண்டு. வழில வேவிச்ச வேர்க்கடலை விப்பாங்க, வாசனைக்கு நமக்கே நாக்குல ஊறும், ஆனா சின்னதுங்களுக்கு முழுக்கடலைய குடுக்காதீங்க, மூச்சுக்குழாய்ல போயி சிக்கிக்கும். நசுக்கிக் குடுங்க. கொசு பகல்லயும் கடிக்கும், டெங்கு கொசு பகல்லதான் கடிக்கும், அதனால கை கால்ல கொசு க்ரீம் தடவிட்டு கெளம்புங்க. ரெண்டு மாசம் ஆகாத கைக்குழந்தைக்கு மட்டும் தடவக் கூடாது, அதுக்கு வலைதான்.

இப்ப எங்க போறதுன்னு வரேன். என்னக் கேட்டா மழை நாளுக்குன்னே நம்ம ஏரியாவுக்கு வரமா கிடைச்சது கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயினுதான். கொருக்குப்பேட்டைலயோ தண்டையார்பேட்டைலயோ ஏறுங்க, பொன்னேரி வரைக்கும் போயிட்டு திரும்பி வாங்க. அஞ்சு வயசுக்குள்ள இருந்தா குழந்தைக்கு டிக்கெட்டே வேணாம், நமக்கும் டீ காசுதான். ஆபீஸ் நேரத்துல போகாதீங்க, பதினோரு மணி வாக்குல போனா ஜன்னல் சீட்டு கிடைக்கும். ஷட்டர முக்கால்வாசி எறக்கி விட்டுட்டு அந்த இடுக்குல கண்ண வச்சுப் பாக்கச் சொல்லுங்க, கைய மட்டும் வெளிய நீட்ட விடாதீங்க. விம்கோ நகர், கத்திவாக்கம் வரைக்கும் வீடு, சுவரு, கம்பெனி. எண்ணூர் தாண்டினதும் தண்டவாளம் கொசஸ்தலை ஆத்து மேல போகும், அங்கதான் என் பொண்ணு மூச்சப் புடிச்சிக்குவா. கீழ தண்ணி, தூரத்துல அனல்மின் நிலையத்து புகைபோக்கிங்க பாதி மேகத்துக்குள்ள, ஓரத்துல கம்பு மேல கம்பா ஊனி வல கட்டியிருப்பாங்க, ஒவ்வொரு கம்பு மேலயும் ஒரு நீர்க்காகம் ரெண்டு றெக்கையையும் விரிச்சுக்கிட்டு காயப் போட்ட துணி மாதிரி நிக்கும்.

அப்புறம் மடையான்னு ஒரு கொக்கு. போன தீபாவளிக்கு அடுத்த வாரம் அத்திப்பட்டு பக்கம் ட்ரெயின் சிக்னலுக்கு நின்னுச்சு, ஜன்னலுக்கு நேரா சேத்துல ஒரு மடையான், சேத்துக் கலர்லயே, கழுத்த உள்ள இழுத்துக்கிட்டு கல்லு மாதிரி உக்காந்திருந்துச்சு. நான் காட்டறேன் காட்டறேன், அவளுக்குத் தெரியவே இல்ல. ட்ரெயின் ஹாரன் அடிச்சதும் அது எழும்புச்சு பாருங்க, றெக்கை முழுக்க சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை. அம்மா அது வெள்ளையா மாறிடுச்சுன்னு பெட்டியே திரும்பிப் பாக்குற மாதிரி கத்தினா. உக்காந்தா சேறு, பறந்தா வெள்ளை, அதுதான் மடையான்னு இப்ப அவளே எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கறா.

மீஞ்சூர் தாண்டினா ரெண்டு பக்கமும் வயல், கார்த்திகைல போனா நட்டு கொஞ்ச நாள் ஆன பயிரு பச்சையா தண்ணில நிக்கும். பொன்னேரில எறங்கி ஸ்டேஷனாண்டயே சூடா ஏதாவது வாங்கிக் குடுத்துட்டு அடுத்த வண்டில ஏறிடுங்க. ஒரு விஷயம் மறக்காதீங்க, லோக்கல் ட்ரெயின்ல டாய்லெட் கிடையாது. ஏறறதுக்கு முன்னாடி வீட்லயே ஒன்னுக்கு போக வச்சுடுங்க, போகும்போது ரொம்ப தண்ணி குடுக்காதீங்க. பொன்னேரி வரைக்கும் வந்துட்டோமே அப்படியே பழவேற்காடு போயிட்டு வந்துடலாமேன்னு தோணும், பூநாரை வர்ற சீசனும் அதுதான், ஆனா மழை நாள்ல குழந்தையோட வேணாம். படகுல ஏறறத நெனச்சே பாக்காதீங்க, 2011 டிசம்பர்ல அங்க படகு கவிழ்ந்து ஒரே குடும்பத்து ஆளுங்க எத்தன பேரு போயிட்டாங்க. தை மாசம் வானம் தெளிஞ்சதும் போயி கரையில நின்னு பாருங்க.

ரெண்டு மணி நேரம் ட்ரெயின்ல உக்கார முடியாத குழந்தைன்னா மெட்ரோ. சர் தியாகராயா கல்லூரி ஸ்டேஷன்ல சுரங்கத்துக்குள்ள ஏறுங்க, தண்டையார்பேட்டை தாண்டினதும் வண்டி இருட்டுல இருந்து மேல ஏறி வெளிச்சத்துக்கு வரும், அந்த எடத்துல கண்ணாடி மேல பட படன்னு மழை விழறத கேக்கணும். 2021 பிப்ரவரிலதான் விம்கோ நகர் வரைக்கும் விட்டாங்க. சீட்டு பக்கவாட்டுல இருக்குறதால எதிர் ஜன்னல்தான் குழந்தைக்குத் தெரியும், அதனால மேக்குப் பக்கத்து சீட்டுல உக்காருங்க, எதிர்ல வீட்டு மாடிகளுக்கு நடுவுல அப்பப்ப கடல் தெரியும். கண்ணாடில ரெண்டு மழைத்துளிய புடிச்சுக்கங்க, ஒன்னு ஒனக்கு ஒன்னு எனக்கு, எது மொதல்ல கீழ எறங்குதுன்னு பந்தயம். திருவொற்றியூர் தேரடில எறங்கினா வடிவுடையம்மன் கோயிலு. மதியம் நடை சாத்திடுவாங்க, அதனால காலைலயே போயிடுங்க. உள்ள கூரை போட்ட மண்டபம் இருக்கு, மழை வந்தா ஒதுங்கலாம், தூண் தூணா யானை யாளி எண்ணிக்கிட்டே நடக்கலாம், சுந்தரர் சங்கிலியாரை கல்யாணம் பண்ணிக்கிட்ட கதைய மகிழ மரத்தாண்ட நின்னு சொல்லலாம். கல் தரை ஈரமும் எண்ணெயும் சேந்தா பயங்கரமா வழுக்கும், கைய விடாதீங்க, குளத்தாண்ட தூக்கிக்கங்க. கார்த்திகை பௌர்ணமிய ஒட்டி மூணு நாள் மட்டும் ஆதிபுரீஸ்வரருக்கு கவசத்த எடுப்பாங்க, வருஷத்துல அந்த மூணு நாள்தான், கூட்டம் நெரியும், அப்ப சின்னக் குழந்தைய கூட்டிட்டுப் போகாதீங்க.

மழை நிக்கவே நிக்காம சிணுங்கிட்டே இருக்குற நாள்னா எழும்பூர் மியூசியம். மெட்ரோல சென்ட்ரல் போயி உள்ளயே வண்டி மாறி அடுத்த ஸ்டேஷன் எழும்பூர், அங்க இருந்து ஆட்டோ. 1851ல ஆரம்பிச்சது, பெரிய எடம், எல்லாத்தையும் பாக்கணும்னு இழுத்துட்டுப் போகாதீங்க. திமிங்கல எலும்புக்கூடு ஒன்னு, பாடம் பண்ணி வச்ச மிருகங்க ஒன்னு, அவ்ளோதான், கால் வலிக்குதுன்னு சொல்றதுக்கு முன்னாடி வெளிய வந்துடணும். வெள்ளிக்கிழமை லீவு. ட்ரெயின் பைத்தியம் புடிச்ச குழந்தைன்னா ரயில் பெட்டி செய்யற ஐசிஎஃப் ஃபேக்டரி பக்கத்துல இருக்குற ரயில் மியூசியம், பழைய நீராவி இன்ஜின் எல்லாம் மரத்தடில வெட்டவெளியில நிக்கும், அதனால மழை விட்டப்புறம் போங்க, அது திங்கக்கிழமை லீவு. வந்தே பாரத் இங்க ஐசிஎஃப்லதான் செஞ்சாங்கன்னு சொன்னா பசங்களுக்கு ஒரே பெருமை. போற வழில சுரங்கப்பாதை இருந்தா மேல சொன்ன ரூல ஞாபகம் வச்சுக்கங்க.

எங்கயுமே போக முடியலையா, தெருமுனை வரைக்கும் போங்க போதும். மழைக்கு அடுத்த நாள் காம்பவுண்டு சுவத்துல நத்தை ஏறும், அது பின்னாடி வெள்ளிக் கம்பி மாதிரி கோடு போட்டுட்டே போகும். கிட்ட போயி உக்காந்து மூச்சு விடாம பாக்கச் சொல்லுங்க, கொம்ப உள்ள இழுக்கும், கொஞ்ச நேரத்துல ஒன்னு நீளும், அப்புறம் இன்னொன்னு. மரவட்டைய குச்சியால லேசா தொட்டா சக்கரமா சுருண்டுக்கும். தொட்டுட்டு வந்தா கைய சோப்பு போட்டுக் கழுவிடுங்க, நத்தைய கையில எடுக்க விடாதீங்க. பாக்க நேரம் குடுங்க, அதுதான் முக்கியம். நாமதான் வா வான்னு இழுக்கறோம், அதுங்களுக்கு ஒரு சுவத்துலயே ஒரு காலை நேரம் ஓடும்.

வீட்டுக்கு வந்ததும் மொதல்ல ஈரத்துணிய கழட்டுங்க, வெதுவெதுன்னு தண்ணில கால சோப்பு போட்டு கழுவி விரல் இடுக்கெல்லாம் தொடைங்க, சேத்துப்புண்ணு அங்கதான் வரும். தலைய துவட்டிட்டு சாம்பிராணி போடற பழக்கம் நெறைய வீட்ல இருக்கு, வீசிங் இருக்குற குழந்தைக்கு அந்தப் பொகை ஆகாது, ஃபேன் காத்துல காய வச்சாலே போதும். அப்புறம் மொளகு கம்மியா போட்ட ரசம் சாதம். அன்னைக்கு ராத்திரி எந்தக் குழந்தையும் தூங்க மாட்டேன்னு சொல்லாது. ரெண்டு மூணு நாள் கழிச்சு காய்ச்சல் வந்தா நீங்களா மருந்து குடுக்காம டாக்டர்ட்ட காட்டுங்க, மழைத்தண்ணில எறங்கினத மறைக்காம சொல்லுங்க.

ரெயின்கோட்ட மடிச்சு உள்ள வைக்காதீங்க, ஒரே ராத்திரில பூசணம் புடிக்கும், பாத்ரூம் ஹேங்கர்ல தலைகீழா தொங்க விடுங்க. செருப்புக்குள்ள பழைய தினத்தந்திய கசக்கி திணிச்சு ஃபேனுக்கு அடியில வச்சுடுங்க, ஈரத்த அது இழுத்துக்கும். படுக்கறதுக்கு முன்னாடி அந்தப் பேப்பர எடுத்துட்டு வேற காஞ்ச பேப்பர் திணிங்க, காலைல அவ எழுந்து செருப்பத்தான் மொதல்ல தேடுவா.